மஞ்சள் போன கிணறு

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருந்த வரைக்கும் எனக்கு அதைப் பற்றிப் பெரிய பயம் எதுவும் இருந்ததில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தங்கள் கிணறு தெளிந்து அவர்கள் பார்த்ததில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜா போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே கிணறு மஞ்சளாகிவிட்டது. மழைக்காலத்தில் எலுமிச்சைச் சாறு கலந்த மாதிரி லேசாக இருக்கும். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, கல்யாண வீட்டில் ஊற்றுகிற கலர் மாதிரி கெட்டியாகிவிடும். எப்போதோ மூடிப்போன ஏதோ ஓர் ஆலையின் கழிவு என்றார்கள். எந்த ஆலை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். அம்மா அதிகம் விசாரிக்கவில்லை. ராட்டினத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள், கிணற்றின் மேல் பழைய தகரத்தை இழுத்து மூடினாள், பஞ்சாயத்துக் குழாயில் குடத்தை வைத்தாள். அதோடு விஷயம் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் விஷத்துக்கு நிறம் உண்டு. ஓடையில் நீலமாக வந்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு, கறுப்பாக வந்தால் சாயம், கிணற்றில் மஞ்சளாக ஊறினால் குரோமியம். நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும், ஒதுங்கிப் போய்விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு 'ஐயையோ' என்று நெஞ்சில் கை வைப்பார்கள். எங்களுக்கு அது தெருவில் கட்டிப்போட்ட நாய் மாதிரி. எங்கே கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் பயம் எதற்கு?

நான் படித்து, வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எனக்குக் கிடைத்த தலைப்பும் குரோமியமாகவே இருந்தது. நான் தேடிப் போகவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியை, நாங்கள் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். "அப்போ உனக்கு இதுதான்" என்று தலையில் கட்டிவிட்டார். பிறந்த ஊர் இப்படியெல்லாம் உதவும் என்று யார் எதிர்பார்த்தார்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் ஊறிய மண்ணிலேயே பிழைத்துக் கிடக்கிற ஒரு பாக்டீரியா இருக்கிறது. மஞ்சள் குரோமியத்தை அவ்வளவாகத் தொல்லை தராத பச்சைக் குரோமியமாக மாற்றுகிற ஒரு புரதம் செய்ய அதற்குத் தெரியும். ஆனால் மகா சோம்பேறி, பேருக்குத்தான் செய்யும். அந்தப் புரதத்துக்கு உரிய மரபணுவை மட்டும் வெட்டி எடுத்து, ஆய்வகத்தில் சாதுவாக வளர்கிற ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைக்க வேண்டும். மரபணுவுக்கு முன்னால் வலுவான ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சைத் தட்டிவிட ஐபிடிஜி என்று ஒரு மருந்து. சுவிட்ச் விழுந்தால் பாக்டீரியா தன் சொந்த வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஒரே புரதத்தை நிறுத்தாமல் செய்யும். மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுவது என்று புத்தகத்தில் இதைத்தான் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது விரட்டி வேலை வாங்குவதுதான்.

நான் நன்றாகவே விரட்டினேன். என் சுபாவம் அப்படி. எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. மருந்தை அதிகமாகப் போட்டேன், மரபணுவின் பிரதிகளைக் கூட்டினேன், குடுவையைக் குலுக்குகிற ஷேக்கரின் வேகத்தை ஏற்றினேன். புரதம் குவிந்தது. குவிந்து என்ன பிரயோஜனம்? அவசரத்தில் செய்த புரதம் சரியாக மடியாமல், வேகாத கேழ்வரகுக் களி மாதிரி பாக்டீரியாவுக்குள்ளேயே கட்டிதட்டிப் போனது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் வயிறு ஊதி, பிரிந்து பெருக முடியாமல், கண்ணாடித் தகட்டில் அப்படியே கிடந்தது. பிறகு குடுவை முழுக்க நூல் நூலாக இழுபட்டது. செத்த பாக்டீரியாவின் குடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் டிரம்மில் தோல் போடுகிறவன். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் காலையில் ரயில் ஏறினால் இருட்டின பிறகுதான் வீடு.

"ஓவர் டைம் ஜாஸ்தியா குடுத்தா நானும் அப்படித்தான் ஊதிப் போவேன். உன் பூச்சிக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்தியா?" என்றான்.

மேடமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "கம்மியா கேளு, குளிர வை, நிதானமா செய்யட்டும்." குளிர வைக்கவாம். வேலூர் வெயிலில்! ஆய்வகத்தில் குளிர் ஷேக்கர் ஒன்றே ஒன்று. அதற்கு எங்களுக்குள் சண்டை. கரண்டு போய்ப் போய் வரும்போது அதன் கம்ப்ரஸர் இருமிக்கொண்டே கிளம்பும். எப்படியோ கெஞ்சி, முறைத்து, இடம் பிடித்துக் குளிரில் வைத்தேன். மருந்தைக் குறைத்தேன். பாக்டீரியாக்கள் நிதானமாக வேலை செய்தன. புரதம் கொஞ்சமாக வந்தாலும் ஒழுங்காக மடிந்து வந்தது.

வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அது என்ன ஜூஸ் என்று கேட்டார். அந்தத் தண்ணீரில் எங்கள் புரதத்தை விட்டு வைத்தபோது, மதியத்துக்குள் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எத்தனையோ வருஷமாகத் தெரிந்த ஒரு முகம் கண் முன்னால் கரைந்து போன மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இதையும் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இனி யாருக்கும் வித்தியாசம் தெரியாதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, அடுத்த வேலை வந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் விழா நடத்தினார்கள். மேடம் வந்து, பெரிய கண்ணாடி ஜாடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி, அதில் புரதத்தைக் கலந்து, பேசி முடிப்பதற்குள் மஞ்சளைக் காணாமல் அடித்தார். ஜனங்களுக்கு மந்திரம் பார்த்த மாதிரி. அண்ணனும் அண்ணியும் முன்னால் நின்றிருந்தார்கள். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்து அப்போதுதான் அண்ணிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அம்மா அதை ஊருக்கெல்லாம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஜாடியின் பக்கத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். டிரம்மைப் பார்க்கிற பார்வை அது. பிறகு நிமிர்ந்து, "எறங்கிடுச்சு" என்றான்.

சுற்றி நின்றவர்களுக்கு அவனே விளக்கம் சொன்னான். தோல் ஷாப்பில் டிரம்முக்குள் தோலோடு குரோமைப் போடும்போது தண்ணீர் கரு நீலமாக இருக்கும். டிரம் சுற்றச் சுற்றத் தோல் குரோமைக் குடிக்கும், தண்ணீர் வெளுக்கும். சாயங்காலம் தண்ணீர் வெளுத்திருந்தால் குரோம் எல்லாம் தோலில் இறங்கிவிட்டது, வேலை முடிந்தது. வெளுக்கவில்லை என்றால் சூப்பர்வைசரிடம் பாட்டு கேட்க வேண்டும். "தண்ணி தெளிஞ்சா குரோம் இல்ல. இவ்ளோதான் கணக்கு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணா, உன் டிரம்முல இருக்கறது வேற, இது வேற. இது கண்ணுக்குத் தெரியாத அளவுல இருந்தாலும் கெட்டதுதான். மஞ்சள் போச்சுன்னா பாதி தூரம் கூட போகல. டெஸ்ட் பண்ணாம எதையும் சொல்லக்கூடாது" என்றேன்.

"சரிங்க சயின்டிஸ்ட் அம்மா" என்று கும்பிடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவன் சொன்னது அவன் தொழிலுக்குச் சரி. தோலைத் தொட்டுப் பார்த்து, தண்ணீரைக் கண்ணால் பார்த்து அத்தனை வருஷம் தப்பு வராமல் வேலை செய்தவன். தன் கண்ணை நம்பக்கூடாது என்று அவனுக்கு யார் சொன்னாலும் ஏறாது. எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அதே கண்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று ஜனங்கள் பாலத்தின் மேல் நின்று செல்பி எடுத்தார்கள். ஆறு ஓடுவது எங்களுக்குத் திருவிழா. நான் விடுதியில் இருந்தேன். சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் புரதத்தின் அளவைக் கூட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, வீட்டுக்குப் போக நேரமில்லை. அம்மா போனில் வந்தாள். மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"அடியே, நம்ம கெணறு தெளிஞ்சுடுச்சுடி! உள்படி ஒண்ணொண்ணும் தெரியுது. உங்க அப்பா இருந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு."

"யாரும் தொடாதீங்க" என்றேன்.

"நான் எங்க தொடறேன்? பைப்பு உடைஞ்சு போச்சு, குழாயில பொட்டு தண்ணி இல்ல. உங்க அண்ணன்தான்…" என்று ஆரம்பித்து, "சரி, நீ சாப்டியா?" என்று பேச்சை மாற்றினாள்.

அம்மா பேச்சை மாற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆய்வகத்தில் குரோமியம் பார்க்கிற சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது. அமிலம் கலந்த தண்ணீரில் அதை விட்டால், மஞ்சள் குரோமியம் துளி இருந்தாலும் ஊதா நிறம் வரும். அதையும் கொஞ்சம் அமிலத்தையும் சில சோதனைக் குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. மழையில் நனைந்த ஊர் அவ்வளவு அழகாக இருந்ததை நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே முதலில் கண்ணில் பட்டது ராட்டினம். பரணிலிருந்து இறக்கி, எண்ணெய் போட்டு, கிணற்றின் மேல் மாட்டியிருந்தார்கள். அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு. புதுக் கயிறு. தகரம் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேலே வரை வந்திருந்தது, கை விட்டால் தொடலாம். வானம் அதில் அப்படியே கிடந்தது. அழுக்கு இல்லை, மஞ்சள் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"குடி பாப்பா. ஐஸ் மாதிரி இருக்கு. கேன் தண்ணியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது."

தாகமாகத்தான் இருந்தது. சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன். "எத்தனை நாளா அண்ணி?" என்று கேட்க நினைத்தேன். முதலில் டெஸ்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் இருந்தான். சமையல்கட்டு மேடையில் சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராததால், பக்கத்து வீட்டிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி அதில் ஊற்றினேன். அமிலம் விட்டேன். மருந்து விட்டேன். கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதாவாகிவிட்டது.

அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"மருந்து கெட்டுப் போயிருக்கும்" என்றான்.

"கெட்டிருந்தா ரெண்டுலயும் வரணும்."

"நான் ஊத்தறேன், குடு." அவனே போய்க் கிணற்றிலிருந்து புதிதாக இறைத்து, குழாயைக் கழுவி, ஊற்றி, அவன் கையாலேயே சொட்டு விட்டான். ஊதாவேதான் வந்தது.

"மழைத் தண்ணி சேந்து மஞ்சள் வெளுத்துருக்கு, அவ்ளோதான். உள்ள இருக்கறது எங்கயும் போகல" என்றேன். எரிச்சலோடு சொன்னேன். பயந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்போதுதான் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் பைப்பு உடையறதுக்கு முன்னாடியே குடிக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாள் மெதுவாக. "குழாத் தண்ணில பிளீச்சிங் வாசனை. குடிச்சா வாந்தியா வருது. இது தெளிஞ்சதும், இவர் பாத்துட்டு எறங்கிடுச்சுன்னாரு. அதான்."

அண்ணன் எழுந்து வெளியே போனான். கயிறு அறுபடுகிற சத்தமும் ராட்டினம் தரையில் விழுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது அவன் முகம் ஒரே நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது. "உன் பூச்சிய கொண்டாந்து உள்ள விட்டா எடுத்துடாதா?" என்று கேட்டான். கிணற்றுக்குள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணியை.

அந்தப் பூச்சி, சோறு ஊட்டி, குளிரில் வைத்து, மருந்து கொடுத்து, கெஞ்சினால்தான் வேலை செய்யும். வெளியே விடவும் கூடாது, விட்டால் பிழைக்கவும் பிழைக்காது. எங்கள் ஜாடியில் நடந்தது ஜாடிக்குள் மட்டும்தான் நடக்கும். ஊர் அதைப் பார்த்துவிட்டு வேறெதையோ நம்பியிருந்தது.

வேலூருக்கு அழைத்துப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார், ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். "இப்போதைக்கு எல்லாம் நார்மல்தான். பயப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தை எங்களோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, அம்மாவின் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. பைப்பைச் சரி செய்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிளீச்சிங் வாசனையோடு அதையே குடித்தாள். அம்மா அதைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, சாமி தீர்த்தம் மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, "என்னா தெளிவா இருக்கு பாரேன் குழந்த" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் எழுந்து வெளியே போனான்.

சித்திரையில் கிணறு பழையபடி மஞ்சளானது. அம்மா தகரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, வந்துடுச்சு" என்றாள். வருஷக்கணக்காக அந்த மஞ்சளைத் திட்டியவள். அண்ணன் அதோடு விடவில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் தெளிந்தால் யாராவது ஏமாந்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் மஞ்சள் பெயின்ட் அடித்தான். வெளியூர்க்காரர்கள் வாஸ்துவா என்று கேட்கிறார்கள்.

நான் என் வேலையைத் திருப்பிப் போட்டேன். மஞ்சளைப் போக்கினது போதும், எங்களுக்கு வேண்டியது நிறம் என்று மேடமிடம் போய் நின்றேன். இருக்கிற ஆராய்ச்சியை முடித்துவிட்டு இதைத் தொடலாமே என்றார். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மண்ணில் பிழைக்கிற அந்தப் பாக்டீரியாவிடமே ஒரு காவல்காரப் புரதம் உண்டு. சுவிட்சின் மேல் ஏறி உட்கார்ந்து அதை விழவிடாமல் வைத்திருக்கும். மஞ்சள் குரோமியம் உள்ளே வந்தால் மட்டும் எழுந்து நகரும். அந்தச் சுவிட்சுக்குப் பின்னால், பவளத்திலிருந்து எடுத்த சிவப்பு நிறப் புரதத்தின் மரபணுவை வைத்தேன். தண்ணீரில் குரோமியம் இருந்தால் பாக்டீரியா சிவக்கும். இல்லை என்றால் வெள்ளையாகவே இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு அதன் நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிற வேலை.

சொல்ல எளிது. முதலில் நிறமே கண்ணுக்குத் தெரியவில்லை, வெளிப்பாடு அவ்வளவு கம்மி. பிரதிகளைக் கூட்டினால், விஷமே இல்லாமல் சும்மாவே சிவந்தது. காவல்காரனை அதிகமாக வைத்தால், விஷம் வந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூட்டவும் வேண்டும், கசியவும் கூடாது. மாதக்கணக்கில் பேஜாரு. இதற்கு நடுவே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன், தெரியாமலே இருந்திருக்கலாம். குரோமியம் பார்ப்பதற்கு அச்சு அசலாகச் சல்பேட் உப்பு மாதிரியே இருக்குமாம். பாக்டீரியா அதை உணவு என்று நினைத்துத் தானே கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் உடம்பின் செல்லும் அதே தப்பைத்தான் செய்கிறது. பிடித்துத் தள்ள வேண்டியதில்லை, சொம்பை நீட்டினால் வாங்கிக் குடிக்கிற மாதிரிதான்.

ஒரு திங்கட்கிழமை அது சரியாக வந்தது. கசிவு நின்று, நிறம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழும்பியிருந்தது. காலையில் சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தேன். ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர், அது வெள்ளையாக இருக்க வேண்டும். ஒன்றில் நானே குரோமியம் கலந்த நீர், அது சிவக்க வேண்டும். ஒன்றில் மழையின்போது எங்கள் கிணற்றிலிருந்து எடுத்துப் பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்த தெளிந்த தண்ணீர். வரிசையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. சாதாரணக் குடிதண்ணீர் ஒன்று இருக்கட்டுமே என்று, கைக்கு எட்டியதை எடுத்து ஊற்றினேன். ஒவ்வொரு திங்களும் வீட்டிலிருந்து நான் கொண்டுவருகிற பாட்டில். அம்மா காய்ச்சி வடிகட்டிக் கொடுத்த குழாய்த் தண்ணீர்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். வடித்த நீர் வெள்ளை. குரோமியம் கலந்தது நல்ல சிவப்பு. எங்கள் கிணறு சிவப்பு. பாக்டீரியா வேலை செய்கிறது என்று வாய்விட்டே கத்தியிருப்பேன். அதற்குள் கண் கடைசிக் குழாய்க்குப் போய்விட்டது.

அது இளஞ்சிவப்பாக இருந்தது.

கசிவு என்று நினைத்தேன். கசிவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கசிவென்றால் வடித்த நீரும் சிவந்திருக்க வேண்டுமே, அது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் சாகாது. துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், அது நிற்காது. கை தானாகப் பழைய சொட்டு மருந்தைத் தேடி எடுத்தது. பாட்டில் தண்ணீரில் அமிலம் விட்டு, மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊதா. லேசான, கவனிக்காவிட்டால் தெரியாத ஊதா. மஞ்சள் கிணற்றைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கி, நாங்கள் எல்லோரும் குடத்தை வைத்தது இந்தப் பஞ்சாயத்துக் குழாயில்தான். அதை ஒரு தடவைகூட யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது எப்போதுமே தெளிவாகத்தானே இருந்தது.

மேஜை மேல் பாட்டில் பாதி காலியாக நின்றது. காலியான பாதியை நான் மதியச் சாப்பாட்டோடு குடித்திருந்தேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தாள். பின்னால் குழந்தை டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டு கத்துவது கேட்டது.

"இன்னா பாப்பா இந்த நேரத்துல? இரு, இவளுக்குக் கஞ்சி கரைச்சிட்டு இருக்கேன், ஊட்டிட்டுக் கூப்பிடறேன்."

"அண்ணி, எந்தத் தண்ணியில?"

அவள் சிரித்தாள். "குழாத் தண்ணிதான். நீ பயப்படாத. அன்னையிலேர்ந்து நாங்க வேற எதையும் தொடறதே இல்ல."